புற்தரையில் மண்மேடு: அகழானா, பெருச்சாளியா, நண்டா?

கேள்வி (சம்மாந்துறை): அறுவடை முடிந்ததிலிருந்து வீட்டு முன் புற்தரையில் காலையில் புதுமண் குவிந்து கிடக்கிறது. துளை தெரிவதில்லை, மிதித்தால் நிலம் இறங்குகிறது. நஞ்சு வைக்கலாமா? வீட்டில் நாயும் கோழியும் உண்டு.

பதில்: வாய் தெரியாத குவியல் என்றால் பெரும்பாலும் அகழான்தான், வயல் வரம்பில் பொந்து தோண்டும் எலி அது. உள்ளே இருக்கும்போது பொந்தின் வாயைப் பொலபொலத்த மண்ணால் அடைத்துக்கொள்ளும். மண்ணைக் குச்சியால் விலக்கினால் இரண்டு மூன்று அங்குல அகலத்தில் வழி தெரியும். பெருச்சாளியின் பொந்து இன்னும் பெரிது. மதில், கான், அத்திவாரம் ஓரமாக, வாய் திறந்தே கிடக்கும். பெரும்போக வெட்டு முடிந்து வயலில் தீனி குறைந்தால் வரம்பில் இருந்தவை வளவுக்குள் வரும். மாரி வெள்ளத்தில் வரம்பு மூழ்கினாலும் அப்படித்தான். தென்னையில் குரும்பை கடிப்பது வேறு எலி, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

மாலையில் எல்லாக் குவியலையும் மிதித்துத் தட்டையாக்குங்கள். மறுநாள் காலை புதுமண் தள்ளிய இடத்தில் குச்சி நடுங்கள், ஆளிருக்கும் பொந்து அதுதான். பத்துக் குவியலைக் கண்டு பத்து அகழான் என்று பயப்பட வேண்டாம்: ஒரு பொந்துக்குப் பல வாய்கள். குட்டி போட்ட தாயைத் தவிர, வளர்ந்தது பெரும்பாலும் தனியாகவே குடியிருக்கும்.

உங்கள் வீட்டுக்குப் பொறிதான் பொருத்தம். சுட்ட கருவாட்டுத் துண்டோ தேங்காய்ச் சொட்டோ வைத்து, முதல் இரண்டு மூன்று இரவு பொறியை விரிக்காமல் விடுங்கள். புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்குகிற பிராணி இது. தின்று பழகிய பிறகு விரித்தால்தான் படும். அடிபொறியை மரப்பெட்டியால் மூடி, எலி நுழையும் அளவுக்கு மட்டும் வழி விடுங்கள், கோழி தப்பும்.

நஞ்சில் சிங்க் பொஸ்பைட் வேண்டவே வேண்டாம். கோழி கொத்தினால் சாகும், மாற்று மருந்தும் இல்லை. அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி அந்தத் தீனியைப் பிறகு தொடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மெழுகுக் கட்டி வேலை செய்யச் சில நாள் பிடிக்கும். அது தெரியாமல் இன்னும் இன்னும் வைப்பார்கள். செத்த எலியைத் தின்னும் நாய்க்கும் அந்த நஞ்சு ஏறும்.

கேள்வி (கல்லடி): வாவிக்கரை வளவு. புல்லுக்குள் வட்டத் துளைகள். தண்ணீர் ஊற்றியும் ஒன்றும் வெளியே வரவில்லை.

பதில்: துளையைச் சுற்றி மண் உருண்டை உருண்டையாகக் கிடந்து, எலிப் புழுக்கையும் கடித்த வேரும் இல்லையென்றால் அது நண்டு. விட்டுவிடுங்கள். எலியாக இருந்தாலும் மணல் நிலத்தில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, மண் குடித்துவிடும்.

கேள்வி (அக்கரைப்பற்று): நெல் களஞ்சியத்துக்குப் போடும் வாயுக் குளிசையை வீட்டோரப் பொந்தில் போடலாமா?

பதில்: கூடாது. ஈரம் பட்டதும் அதிலிருந்து பொஸ்பீன் வாயு கிளம்பும். மணலுக்குள்ளால் ஊடுருவி, அத்திவார வெடிப்பு வழியாகப் படுக்கையறைக்குள் வரும். இதற்கும் மாற்று மருந்து இல்லை.

பொறியில் பிடித்து முடித்த பிறகு பொந்தை மண்வெட்டியால் வெட்டித் திறவுங்கள். கையை விட வேண்டாம். நாகமும் புடையனும் எலிப் பொந்தில் தங்கும். மண்ணைப் படை படையாக இடித்து நிரப்பாவிட்டால் முதல் மழைக்கே குழி விழும். மதிலோரம் அரை அங்குலக் கண் கம்பிவலையை ஒன்றரை அடி ஆழம் இறக்கி, அடிப்பக்கம் ஒரு அடியை வெளிப்புறமாக மடியுங்கள்; தோண்டி வருவது அந்த மடிப்பில் முட்டி நிற்கும். பொச்சுமட்டைக் கும்பியை மதிலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

செத்த எலியைக் கையுறையோடு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரில் இருந்து புண் வழியாக உடம்பில் ஏறும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எலி பிடித்த விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.