பில்டர் ஜெல் நகங்கள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஒன்பது ஆண்டுகளாக நகம் செய்வதுதான் என் தொழில். கீழே உள்ள கேள்விகளில் பாதியை என் மேசைக்கு எதிரே உட்காருபவர்களும் தினமும் கேட்கிறார்கள்.

கல்லூரி மாணவி, திருச்சி: அக்கா, ஜெல் பாலிஷ் போட்டால் ஐந்தாம் நாளே நுனி உடைந்துவிடுகிறது. பில்டர் ஜெல் போட்டால் நிற்குமா?

நிற்கும், சரியாகக் கட்டினால். ஜெல் பாலிஷ் மெலிசான நிறப்பூச்சு. நகம் வளைந்தால் அதுவும் வளையும், கடைசியில் விரிசல் விடும். பில்டர் ஜெல் தேன் பதத்தில் இருக்கும். அதை வைத்து நகத்தின் மேல் ஒரு வடிவமே கட்டலாம்.

பலமாக இருக்கட்டும் என்று நகம் முழுக்க ஒரே கனத்தில் அப்பிவிடுகிறார்கள். அது கட்டையாகவும் தெரியும், உடையவும் செய்யும். நகம் சதையை விட்டுப் பிரியும் இடத்தில்தான் அழுத்தம் சேருகிறது. அதைத் தாங்க, அதற்குச் சற்றுப் பின்னால் ஜெல் மேடாக நிற்க வேண்டும். அந்த மேட்டை அபெக்ஸ் என்போம். அடியில் மெலிசாகத் தொடங்கி, நடுவில் உயர்ந்து, நுனிக்குச் சரிந்து இறங்கும். விரலைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், வளைவு தெரியும்.

முதலில் ஒரு மெல்லிய பூச்சு தடவி, லாம்பில் (ஜெல்லை இறுக வைக்கும் புற ஊதா விளக்கு) காட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அதன் மேல் ஒரு துளி ஜெல்லை நடுவில் வைத்து, பிரஷ்ஷால் அழுத்தாமல் மெதுவாக இழுங்கள், தானே பரவிச் சமமாகும். பிறகு விரலைப் பத்து விநாடி கவிழ்த்துப் பிடித்தால் ஜெல் நடுவில் திரளும். உடனே லாம்புக்குள் வையுங்கள். ஐந்து விரலுக்கும் ஒரேயடியாகப் போடாதீர்கள், ஓரத்தில் வழிந்துவிடும்.

இல்லத்தரசி, சேலம்: வீட்டிலேயே போடுகிறேன். ஒரு வாரத்தில் அடிப்பக்கம் தூக்கிக்கொள்கிறது. ஜெல் மட்டமானதா?

பெரும்பாலும் ஜெல் மேல் குற்றம் இருக்காது, நகத்தைத் தயார் செய்ததில்தான் இருக்கும். க்யூட்டிகிளை, அதாவது நகம் தொடங்கும் இடத்து ஓரத் தோலை, தள்ளியபின், நகத்தோடு ஒட்டிக் கண்ணாடி மாதிரி ஒரு செத்த தோல் மிஞ்சும். அதன் மேல் ஜெல் போட்டால் தோலோடு சேர்ந்து உரியும். வெளிச்சத்தில் பார்த்து முழுவதும் எடுங்கள். பிறகு 180 கிரிட் (சொரசொரப்பின் அளவு) ஃபைலால் பளபளப்பு போகும் அளவு மட்டும் லேசாகத் தேயுங்கள். தூளைத் தட்டி, நகத்தின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் போக்கும் டீஹைட்ரேட்டர் தடவியபின் நகத்தை விரலால் தொடவே கூடாது.

நம் வீடுகளில் இன்னொன்று உண்டு. காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு மதியம் நகம் போட உட்காருவோம். எண்ணெய் நகத்தின் ஓரங்களில் தங்கிவிடும். அன்று எண்ணெய் வேண்டாம்.

தோலுக்கும் ஜெல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடுங்கள். தலை சீவும்போது நகத்தில் முடி சிக்கினால் தூக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பசை விட்டு ஒட்டாதீர்கள். இடுக்கில் தண்ணீர் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகிவிடும்.

ஐ.டி. ஊழியர், சென்னை: லாம்புக்குள் கை வைத்ததும் சுரீர் என்று சுடுகிறதே?

ஜெல் இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். பூச்சு கனமாக இருந்தால் சூடும் அதிகம். மெலிசான இரண்டு அடுக்காகப் போடுங்கள், லாம்பில் குறைந்த சூட்டு அமைப்பு இருந்தால் அதில் வையுங்கள். சுட்டவுடன் கையை வெளியே எடுத்துச் சில விநாடி கழித்து வையுங்கள், ஆனால் சொன்ன நேரத்தை முழுசாக முடித்தாக வேண்டும். அடிக்கடி சுட்டால் நகம் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்திருக்கலாம்.

வீணை கற்பவர், தஞ்சாவூர்: வலது கை ஆள்காட்டி விரல், நடுவிரல் நகங்கள் தேய்ந்து பிளக்கின்றன. மிஸ்ராப் (விரலில் மாட்டி மீட்டும் கம்பி) பிடிக்கவில்லை. இது ஆண்களுக்கும் சரிவருமா?

தாராளமாகப் போடலாம் தம்பி. கிளாசிக்கல் கிதார் வாசிக்கும் ஆண்கள் பலர் நகத்தில் ஜெல் போட்டுத்தான் வாசிக்கிறார்கள். நிறமில்லாத ஜெல், அதன் மேல் மினுக்கம் இல்லாத டாப் கோட் (கடைசி மேல் பூச்சு) போட்டால் வெளியே தெரியாது. மீட்டும் இரு விரல்களுக்கு மட்டும் போதும். தந்தி படும் நுனியைத்தான் கவனிக்க வேண்டும். ஜெல்லை நுனி விளிம்பையும் சுற்றி மூடி, கடைசியில் மிக மெல்லிய பஃபரால் வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பு இருந்தால் தந்தியில் உரசல் சத்தம் கேட்கும். அபெக்ஸைத் தாழ்வாக வையுங்கள், கனத்தால் நாதம் மாறும். தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கு வேண்டாம், அங்கே நகம் ஒட்ட வெட்டியே இருக்கட்டும்.

தனியார் நிறுவன ஊழியர், கோவை: மூன்றாவது முறை போட்டபின் நகத்தைச் சுற்றி அரிப்பு, சின்னக் கொப்புளங்கள். பழகினால் சரியாகிவிடுமா?

ஆகாதும்மா. இன்றைக்கே நிறுத்துங்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். நகச்சுத்து என்று நினைத்து எலுமிச்சம்பழம் செருகிக்கொண்டு இருக்காதீர்கள்.

இது ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் வகை வேதிப்பொருள்களுக்கு வந்த ஒவ்வாமையாக இருக்கலாம். இறுகாத ஜெல்லில் உள்ள ஹெமா போன்ற சிறு மூலக்கூறுகள் தோலில் மீண்டும் மீண்டும் படும்போது, ஒரு கட்டத்தில் உடல் அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். பொதுவாக அது வாழ்நாள் முழுதும் போகாது. இதே குடும்பத்து வேதிப்பொருள்கள் பல் அடைக்கும் பொருளிலும், எலும்பு அறுவைச் சிகிச்சை சிமெண்ட்டிலும், சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டும் சென்சாரின் பசையிலும் இருக்கின்றன. அழகுக்காகப் போட்டது பிற்காலத்தில் வைத்தியத்துக்குத் தடையாக வரக்கூடும்.

தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம் எனக்கே கட்டைவிரலில் அரிப்பு வந்தது. பயிற்சி பெற்ற இடத்தில் தோலில் பட்ட ஜெல்லை வெறும் விரலால் வழித்துவிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து நைட்ரைல் கையுறை இல்லாமல் பாட்டிலைத் திறப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் ஹெமா உள்ள நகப்பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. அங்கே வீட்டில் போடக்கூடாத பொருள் இங்கே யாருக்கும் ஆன்லைனில் கிடைக்கிறது, அதுதான் என் கவலை.

லாம்பும் முக்கியம். ஜெல்லுக்குப் பொருந்தாத லாம்பில் மேலே இறுகி உள்ளே இறுகாமல் இருக்கும். 48 வாட் என்று போட்டிருந்தால் போதாது, அந்த ஜெல் கம்பெனி சொல்லும் லாம்பையே வாங்குங்கள். இறுகியபின் மேலே நிற்கும் பிசுபிசுப்பும் இறுகாத ஜெல்தான். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள், தோலில் படவிடாதீர்கள்.

ஒரு தாய், மதுரை: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மெஹந்தி முதலிலா, நகம் முதலிலா?

நகம் முதலில், மறுநாள் மெஹந்தி. புதிதாகச் சிவந்த கையில் ஃபைலும் ஆல்கஹாலும் பட்டால் நிறம் மங்கும். மெஹந்திக்குத் தைல எண்ணெய் தடவுவார்கள், அதன் பிறகு ஜெல் ஒட்டுவதும் கஷ்டம். முதல்முறை போடுகிறார் என்றால் கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அதே தாய்: பந்தியில் கையால் சாப்பிட்டால் மஞ்சள் ஏறுமா?

வெளிர் நிறத்தில் ஏறும், மேட் டாப் கோட்டில் இன்னும் அதிகம். பளபளப்பான டாப் கோட் போடுங்கள். லேசான கறை வெயில் பட்டால் மங்கிவிடும், மஞ்சளின் குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது.

செவிலியர், வேலூர்: பணிக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். நோயாளிகளை நேரடியாகத் தொடுபவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு கைச்சுத்த வழிகாட்டுதல். கழுவினாலும் கிருமி அங்கே தங்கும்.

ஆசிரியை, நாகர்கோவில்: கழற்றும்போது என் நகமே பிய்ந்து வருகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை கழற்ற வேண்டும்?

பிய்த்து எடுப்பதால்தான் அப்படி. ஜெல்லோடு நகத்தின் மேல் அடுக்கும் வந்துவிடும். முதலில் உங்களுடையது அசிட்டோனில் ஊறும் வகையா, ஹார்ட் ஜெல்லா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹார்ட் ஜெல் அசிட்டோனில் கரையாது, ஃபைலால்தான் குறைக்க வேண்டும். ஊறும் வகைக்கு, மேல் பூச்சைத் தேய்த்துவிட்டுப் பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஃபாயில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். இளகாத இடத்தைச் சுரண்டாமல் மறுபடி சுற்றுங்கள்.

ஒவ்வொரு முறையும் முழுசாகக் கழற்றவே வேண்டியதில்லை. விரல் நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அப்போது அபெக்ஸ் முன்னால் நகர்ந்து பலம் தப்பிவிடும், அதனால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இன்ஃபில் செய்ய வேண்டும். தூக்கிய பகுதியை மட்டும் ஃபைலால் எடுத்துவிட்டுப் புதிதாய் வளர்ந்த இடத்தில் ஜெல் நிரப்பி, மேட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவோம். பிய்ந்த நகம் முழுதாக வளர்ந்து மாற ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை இரவில் நகம் தொடங்கும் அடிப்பக்கத்தில் எண்ணெய் தடவுங்கள், சொல்லப்போனால் அந்தத் தேங்காய் எண்ணெயே போதும்.