'டீச்சட்' இல்லை தங்கச்சி, 'டோட்'

ஹட்டனில் ஆசிரியர் வேலைக்கு எழுதிய கடிதத்தில் 'ஐ டீச்சட் டு கிரேட் ஃபைவ் சில்ரன்' என்ற வரியைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டார்கள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

'டீச்' இறந்த காலத்தில் 'டோட்' ஆகும். எழுதும்போது நடுவில் ஜீ, எச் வரும், வாயில் வராது. அது மனப்பாடம், சரி. அந்த 'டு'தான் எல்லோரையும் விழுத்துகிறது. நாம் 'பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன்' என்று பேசிப் பழகியவர்கள், அந்த 'கு' ஆங்கிலத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது, தலவாக்கலையில் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தபோது நானும் கரும்பலகையில் இதையே எழுதி அழித்திருக்கிறேன். ஆள் முதலில் வந்தால் 'டு' வேண்டாம்: 'ஐ டோட் தெம் மேத்ஸ்'. பாடம் முதலில் வந்தால் வேண்டும்: 'ஐ டோட் மேத்ஸ் டு தெம்'. நீச்சல் மாதிரி ஒரு செயலென்றால் 'ஷீ டோட் மீ டு ஸ்விம்'. இங்கே 'டு' செயலோடு சேர்ந்தது, ஆளோடு இல்லை.

அப்புறம் ஒன்று, 'ஐ டோட் தெம் எ லெசன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் 'உனக்குப் பாடம் படிப்பிக்கிறேன் பார்' என்று கோபத்தில் சொல்வோமே, ஆங்கிலத்திலும் அப்படித்தான் கேட்கும். 'ஐ டோட் எ மேத்ஸ் லெசன்' என்றால் பிரச்சினை இல்லை. திருத்தியதும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.