சிற்றூரில் வேகமான இணையம்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஊருக்கு ஃபைபர் வந்ததும் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். ஸ்பீடு டெஸ்ட் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. லைன் சரியாக இருக்கிறது என்கிறார் ஆபரேட்டர். ஏமாற்றுகிறாரா?

இந்த முறை அவர் சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 94 என்ற எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் ஒன்று இருக்கிறது. அதன் வழியாகப் போகும் எந்த இணைப்பும் 94-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

லேப்டாப்பை நல்ல கேட்5இ கேபிளால் ஓஎன்டி பெட்டியின் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) லேன் போர்ட்டில் நேரடியாகச் செருகி, நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா பாருங்கள். 1000 வந்தால் அதே சோதனையை ரூட்டரிலும் செய்யுங்கள். அங்கே 100 என்றால் ரூட்டர்தான் காரணம். கேபிளை மாற்றியதும் எண் மாறினால் கேபிளில் கோளாறு. 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளைச் சரியாகக் கிரிம்ப் செய்யாவிட்டால் எல்லாம் ஓடுவதுபோலவே இருக்கும், வேகம் மட்டும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

ரூட்டர்தான் காரணம் என்றால் பழி உங்கள்மேல் இல்லை. பெட்டியில் அச்சடிக்கும் எண்கள்மேல் எனக்குப் பல நாள் ஆத்திரம். ‘ஏசி1200’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் பேசும். அந்த 867-ம் ரேடியோ இணைப்பின் உச்ச வேகம். ரூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் அதில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் கைக்கு வரும். இவ்வளவும் சொல்லிவிட்டு, பின்பக்கத்தில் 10/100 போர்ட்டை வைத்து விற்கிறார்கள். 1200 என்று எழுதிய பெட்டிக்குள் 94-க்கு மேல் எதுவும் நுழையவே முடியாது. ‘கிகாபிட் வைஃபை’ என்ற வாசகத்தையும் நம்பாதீர்கள், அது போர்ட்டைப் பற்றிச் சொல்வதல்ல. ஆன்டெனாக்களை எண்ணுவதிலும் பயனில்லை. ஒலிபரப்பும் திறனுக்குச் சட்ட வரம்பு உண்டு, நான்கு கொம்பு இருந்தாலும் அந்த வரம்பு மாறாது. பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 10/100/1000 என்று இருக்கிறதா? அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மூன்று போன், ஒரு டிவி. 500 எம்பிபிஎஸ் எடுக்கட்டுமா?

வேண்டாம். 4கே வீடியோவுக்கே 25 எம்பிபிஎஸ் போதும். 100 எடுங்கள், மிச்சப் பணத்தில் நல்ல ரூட்டர் வாங்குங்கள்.

கேள்வி: நான் தனியாக இருப்பவள். மழை பெய்தால் ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகிவிடும். ஆள் வந்து வெளியே ஏதோ செய்துவிட்டு ஒவ்வொரு தடவையும் காசு வாங்கிப் போகிறார். ஊரில் வேறு ஆபரேட்டர் கிடையாது.

இனி அந்தக் காசைக் கொடுக்காதீர்கள், அம்மா. சிவப்பு விளக்கு என்றால் ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கோளாறு மழையோடு வந்து மழையோடு போனால், பெரும்பாலும் வெளியே இருக்கும் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது. அது உங்கள் பொருள் அல்ல. அரைகுறையாக வேலை செய்துவிட்டு அதற்கே திரும்பத் திரும்பக் கூலி கேட்பது அநியாயம்.

ஆதாரம் சேர்ப்பது எளிது. ஓஎன்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் போட்டு உள்ளே போனால் ‘ஆப்டிகல்’ என்ற பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’, அதாவது வந்து சேரும் ஒளியின் வலிமை, இருக்கும். −15 முதல் −25 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. −27-ஐ நெருங்கினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். வெயில் நாளில் ஒன்று, மழை நாளில் ஒன்று என்று தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த தடவை ஆள் வரும்போது ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை பவர் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 200 மீட்டர் ஃபைபர் தன் நீளத்தால் இழப்பது 0.1 டிபி கூட இல்லை. இரண்டு அளவுக்கும் 2 டிபிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் ஜாயின்ட் கெட்டிருக்கிறது, அல்லது எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது. முனைகளை உருக்காமல் கிளிப்பால் மட்டும் சேர்க்கும் மெக்கானிக்கல் ஜாயின்ட்டை பாலிதீனில் சுற்றி டேப் ஒட்டிவிட்டுப் போகிறார்கள், அதுதான் ஈரத்தில் கெடுகிறது. முனைகளை உருக்கி ஒட்டும் ஃபியூஷன் ஸ்பிளைசிங் செய்து, ஸ்லீவ் போட்டு, மூடிய பெட்டிக்குள் வைத்து, கேபிள் கீழ்ப்பக்கமாக நுழையும்படி கட்டச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் இழப்பு 0.1 டிபிக்குள் அடங்கும். பச்சைக் கனெக்டர் பச்சையோடுதான் சேர வேண்டும். நீலத்தோடு சேர்த்தால் முனைகள் சரியாகப் பொருந்தாது. கழற்றிய ஃபைபர் முனைக்குள் மட்டும் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

புகாரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். இதுவரை வாங்கிய காசுக்கு ரசீதும் கேளுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து 140 மீட்டர் தள்ளி இருக்கும் கொட்டகைக்கு இணையம் கொண்டுபோக, மலிவாகக் கிடைத்தது என்று கேட்6 சுருள் ஒன்று வாங்கி இழுத்தேன். வேலை செய்யவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

வெட்டி இழுத்த கேபிளை அவர் எப்படித் திருப்பி எடுப்பார்? லேன் கேபிளின் எல்லை 100 மீட்டர். வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மலிவு என்றால் ஏன் மலிவு என்றும் பார்க்க வேண்டும். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். லேசாக இருக்கும், இரண்டு தடவை வளைத்தால் ஒடியும், கேமராவுக்கு இதே கேபிளில் மின்சாரம் கொடுத்தால் சூடாகும். உறையில் ‘கேட்6’ என்று அச்சிட்டு அலுமினியத்தை விற்றிருந்தால், அதற்குத் தாராளமாகப் புகார் கொடுங்கள். அதில் நான் உங்கள் பக்கம்.

வேலை நடக்க வேண்டுமானால் ஃபைபர் டிராப் கேபிள் (வெளியில் இழுக்கும் மெல்லிய ஃபைபர் கேபிள்), இரண்டு மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் சிறு பெட்டி) வாங்குங்கள். ஒற்றை ஃபைபர் வகை என்றால் ‘ஏ’ ஒன்றும் ‘பி’ ஒன்றுமாக ஜோடியாக வாங்க வேண்டும். ஒரே எழுத்தில் இரண்டு வாங்கினால் ஒன்றோடொன்று பேசாது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெளியில் செம்பு இழுத்தால் இடி இறங்க வழி போட்டதாகிவிடும். டிராப் கேபிளில் தாங்கு கம்பி இரும்பாக இருந்தால், அதை வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்தி, ஃபைபரை மட்டும் உள்ளே விடுங்கள்.

கேள்வி: வயர்லெஸ் இணைப்பு. 3 கிலோமீட்டரில் டவர் கண்ணுக்குத் தெரிகிறது. மரங்கள் துளிர்த்ததிலிருந்து வேகம் பாதிதான்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 3 கிலோமீட்டர் தூரத்தின் நடுப்பகுதியில், நேர்கோட்டைச் சுற்றி சுமார் 6 மீட்டர் ஆரத்துக்கு இடம் தேவை. அதில் 60 சதவீதமாவது, அதாவது ஏறக்குறைய 4 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். இலை அலையை விழுங்கும், நனைந்த இலை இன்னும் அதிகமாக விழுங்கும். ஆன்டெனா நிற்கும் குழாயை உயர்த்துங்கள். அதிக வேகப் பிளானுக்கு மாறி இதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: ஆபரேட்டரை மாற்றியபின் வீட்டு கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை.

ரூட்டரில் இன்டர்நெட் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். நிலையான பொது ஐபி கேளுங்கள், அல்லது கேமரா நிறுவனத்தின் கிளவுட் வழியாக ஓடும் கேமராவுக்கு மாறுங்கள்.

கேள்வி: ரூட்டருக்கு 8,800 எம்ஏஹெச் மினி யுபிஎஸ் வாங்கினேன். எட்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. இரண்டு மணி நேரம்தான் நிற்கிறது.

அந்த 8,800 என்பது 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. பெருக்கினால் சுமார் 32 வாட்-மணி. 12 வோல்ட்டாக மாற்றும்போது போவது போக 27 மிஞ்சும். ஓஎன்டியும் ரூட்டரும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். பழுதில்லை, விளம்பரம்தான் பொய். அடுத்து வாங்கும்போது வாட்-மணியைக் கேளுங்கள், ரூட்டரில் செருகும் பின்னின் அளவையும் பாருங்கள். ரூட்டரின் துளைக்குள் இருக்கும் ஊசி 2.1 மி.மீ. ஆக இருந்து பின் 2.5 ஆக இருந்தால் தொளதொளவென்று ஆடும். என்னிடம் இருக்கும் ஒன்று அந்த ரகம்தான், ரூட்டரை லேசாக அசைத்தாலே அணைந்துவிடும்.

கரன்ட் போனதும் யுபிஎஸ் ஓடியும் இணையம் நின்றால், ஆபரேட்டர் அறையிலிருந்து ஃபைபருக்கு ஒளி அனுப்பும் ஓஎல்டி கருவிக்கு மாற்று மின்சாரம் இல்லை. அதற்கு நீங்கள் எதை வாங்கியும் பயனில்லை.

கேள்வி: புதிய ஆபரேட்டர் ஓராண்டுக்கு முன்பணம் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்கிறார்.

ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். அந்த மாதம் இரவு 8 முதல் 10 மணிக்குள்ளும், விடியற்காலையிலும் லேன் கேபிளில் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். வீடுகளுக்கு வரும் ஜிபிஓஎன் என்ற வகை ஃபைபரில் ஒரு லைனின் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்கும் மேலே ஊருக்குள் வரும் மொத்த இணைப்பை அவர் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பது இரவில்தான் தெரியும். விடியற்காலையில் 100, இரவில் 20 என்றால் ஆண்டுப் பிளான் வேண்டாம். ஓஎன்டிக்கு டெபாசிட் கேட்டால், சீரியல் எண் எழுதிய ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.