மகளின் ஐ.டி. படிப்புக்கு மனையை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் குடியாத்தத்தில் நான்கு தறி வைத்து கைலி நெய்கிறோம். வருட வருமானம் ஆறு லட்சத்துக்குள். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கட்-ஆஃப் 168. ஐ.டி. படிக்க ஆசைப்படுகிறாள். வேலூர் வி.ஐ.டி. தனியார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு ரேங்க்குக்கு ஐந்தாம் கட்டணப் பிரிவில்தான் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. நாங்கள் போட்ட கணக்கில் வருடத்துக்கு ஐந்து லட்சம். கவுன்சலிங்கில் போனால் காட்பாடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, பஸ் கட்டணத்தோடு வருடம் ஒரு லட்சம். கையில் நான்கு லட்சம் டெபாசிட், ஒரு மனை, கொஞ்சம் நகை இருக்கிறது. மனையை அடமானம் வைத்தாவது பெரிய இடத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் போனதில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, மனையைத் தொடாதீர்கள். கவுன்சலிங்கில் சேருங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

நான்கு வருடத்துக்கு 20 லட்சம். டெபாசிட்டைப் போட்டாலும் 16 லட்சம் கடன். வழக்கமான கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும், மனைப் பத்திரம் அங்கே போய்விடும். வருடம் நான்கு லட்சமாக வாங்கி, வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், படிப்பு முடிந்து ஒரு வருட அவகாசமும் முடிகிறபோது வட்டி மட்டும் 5,60,000 ரூபாய் சேர்ந்திருக்கும். மொத்தம் 21,60,000. அதைப் பதினைந்து வருடத்தில் கட்ட மாதத் தவணை ஏறக்குறைய 23,200 ரூபாய். வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பதால், மத்திய அரசின் பி.எம். வித்யாலக்ஷ்மி கல்விக் கடன் திட்டத்தில் 10 லட்சம் வரைக்கும் 3 சதவீத வட்டி மானியத்துக்கு முயற்சி செய்யலாம். கிடைத்தால் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். அந்தத் திட்டக் கடனுக்கு ஈடு கிடையாது, ஆனால் தவணை 22,000-க்குச் சற்றுக் கீழே இறங்கும், அவ்வளவுதான்.

இனி சம்பளத்தைப் பாருங்கள். பெரிய ஐ.டி. கம்பெனிகள் கூட்டமாக எடுக்கும் புதியவர்களுக்குத் தரும் சம்பளம் பல வருடங்களாகவே வருடத்துக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. மாதம் 29,000, பிடித்தம் போக இன்னும் குறைவு. சென்னையிலோ பெங்களூரிலோ விடுதி வாடகை கொடுத்து, சாப்பிட்டு, 23,000 தவணையும் அந்தப் பெண் கட்ட முடியுமா? முடியாது. தறி வருமானத்திலிருந்துதான் நீங்கள் கட்டுவீர்கள். நூல் விலை ஏறுகிற மாதத்தில் என்ன செய்வீர்கள்?

வி.ஐ.டி. நல்ல இடம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ரேங்க்கைப் பொறுத்துக் கட்டணம் ஐந்து பிரிவு. ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே பட்டம், ஆனால் ஐந்தாம் பிரிவுப் பிள்ளை முதல் பிரிவுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கட்டுகிறது. முதல் பிரிவில் கிடைத்திருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

கவுன்சலிங்கில் சேர்ந்தால் இன்னொரு லாபம். முதல் பட்டதாரி சலுகை கவுன்சலிங் வழியாகச் சேருகிறவர்களுக்கு மட்டும்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. கல்விக் கட்டணத்தில் ஒரு நல்ல பங்கு குறையும். 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், உங்கள் மகளுக்கு வராது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

விருப்பப் பட்டியலில் பாகாயம் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரியை மேலே போடுங்கள். அரசுக் கட்டணம், வீட்டிலிருந்தே போய்வரலாம். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் எடுத்துக்கொள்ளட்டும். ஐ.டி. என்ற பெயரில் பிடிவாதம் வேண்டாம், இரண்டு பாடத்திட்டமும் பெரும்பாலும் ஒன்றுதான், வேலைக்கு எடுப்பவர்களும் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள்.

அது கிடைக்காமல் காட்பாடிக் கல்லூரிதான் என்றால், அதை நன்றாக விசாரியுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது, கடைசி நான்கைந்து பருவத்தைப் பாருங்கள். பாதிக்கும் மேலே பிள்ளைகள் அரியர் வைக்கும் இடத்தில் பிளேஸ்மென்ட் எங்கிருந்து வரும்? பிளேஸ்மென்ட் விளம்பரத்தில் ஒரு பையன் படம் போட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் 'அதிகபட்சச் சம்பளம்' என்றிருக்கும். அது ஒரே ஒருவருடைய சம்பளம். நீங்கள் கேட்க வேண்டியது நடுச் சம்பளம்: வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு? என்.ஐ.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இந்த எண்ணையும், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும். அப்புறம் சாயங்காலம் கல்லூரி விடும் நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்று மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள். ஆய்வகம் திறந்திருக்கிறதா, வாத்தியார்கள் வருடா வருடம் மாறுகிறார்களா என்று அவர்கள் சொல்வதுதான் நிஜம்.

ரசீது இல்லாமல் நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 1992-லேயே தமிழ்நாட்டில் அதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது.

பணம் எப்படி? டெபாசிட் முழுவதையும் காலி செய்யாதீர்கள். வருடம் 50,000 டெபாசிட்டிலும் தறி வருமானத்திலுமாகப் போகட்டும், மீதி 50,000 கல்விக் கடன். நான்கு வருடத்தில் 2 லட்சம், அவகாசம் முடியும்போது வட்டியோடு 2,70,000 ரூபாய். ஐந்து வருடத்தில் மாதம் 5,700 சுற்று. இதை உங்கள் மகள் தன் சம்பளத்தில் மூச்சுத் திணறாமல் கட்டுவாள். இந்தத் தொகைக்கு வங்கி ஈடு கேட்காது. நகைக் கடன் வேண்டாம். அதற்குப் படிப்பு முடியும் வரை அவகாசமெல்லாம் கிடையாது, வருடா வருடம் திருப்பி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மிச்சப்படும் பணத்தில் முதல் வருடமே ஒரு நல்ல லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். தமிழ் வழியில் வந்த பிள்ளை, ஆங்கிலம் பேசப் பழகவும் ஒரு தொகை ஒதுக்குங்கள். நேர்காணலில் பலர் தடுமாறுவது அங்கேதான்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கவுன்சலிங் நெருங்கினால் கூட்டம் தாங்காது. வருமானச் சான்றிதழையும் சேர்த்தே கேளுங்கள், கடனுக்கு வங்கியில் அதைக் கேட்பார்கள்.