கை மட்டும் ஏன் பையை இறுக்கியது?

கேள்வி: இனவெறியைப் பற்றிய படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவள் நான். ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறேன். போன வாரம் அலுவலக லிஃப்டில் தனியாக இருந்தபோது ஒரு கறுப்பின இளைஞர் ஏறினார். என் கை தானாகவே பையை இறுக்கிப் பிடித்தது. அவர் அதைக் கவனித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. படம் பார்த்து அழுத நான் நிஜமா, பையை இறுக்கிய நான் நிஜமா?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் நீங்கள்தான். அழவைத்ததில் மட்டுமல்ல, பையை இறுக்கவைத்ததிலும் சினிமாவுக்குப் பங்கு உண்டு.

முதலில் அந்தக் கையைப் பார்ப்போம். 1915-ல் அமெரிக்காவில் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ என்ற படம் வந்தது. முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய வெள்ளை நடிகர் ஒருவர், கறுப்பினத்தவராக நடித்து, காட்டுக்குள் ஒரு வெள்ளைப் பெண்ணைத் துரத்துவார். அவள் பாறையிலிருந்து குதித்து உயிரை விடுவாள். கறுப்பினத்தவரைத் தாக்கிவந்த வெள்ளை இனவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் க்ளான் குதிரையேறி நாயகர்களாக வரும். எப்போதோ கலைந்துபோயிருந்த அந்தக் கும்பல் அதே வருடக் கடைசியில் ஜார்ஜியாவில் மறுபடி உயிர் பெற்றது. 1930களில் பீட்டர்சன், தர்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களுக்கு இந்தப் படத்தைத் திரையிட்டு, முன்னும் பின்னும் அவர்கள் மனப்போக்கை அளந்தார்கள். கறுப்பினத்தவரைப் பற்றிய எண்ணம் மோசமாகியிருந்தது. சில மாதம் கழித்து அளந்தபோதும் அதன் தடம் போகவில்லை. ஒரு படத்துக்கே இப்படி! அதன் பிறகு எத்தனை படங்களில் இருட்டுச் சந்து, கனத்த பின்னணி இசை, சட்டென்று திரும்பும் ஒரு கறுப்பு முகம் என்று பார்த்திருப்போம்? கதை மறந்துபோகிறது. அந்தத் திடுக்கிடல் மட்டும் உடம்பில் தங்கிவிடுகிறது.

சரி, கண்ணீர்? நீங்கள் அழுத படங்களில் இனவெறி பிடித்தவன் எப்படி இருந்தான் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கத்துவான், அடிப்பான், வாயைத் திறந்தாலே வசைதான். அவனைப் பார்த்ததுமே ‘நான் இவன் இல்லை’ என்று நம் மனம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது. அழுவதற்கு அது வசதியான இடம்.

அந்த வசதியைத் தராத ஒரு காட்சி, ஸ்பைக் லீயின் ‘டூ தி ரைட் திங்’ (1989) படத்தில் வருகிறது. புரூக்ளினில் கறுப்பின மக்கள் வாழும் தெருவில் ஒரு பீட்சா கடை. வெள்ளைக்கார முதலாளியின் மூத்த மகன் பீனோவுக்கு அந்த மக்களைக் கண்டாலே ஆகாது. கடையில் வேலை செய்யும் மூக்கி அவனிடம் சாதாரணமாகக் கேட்கிறான்: உனக்குப் பிடித்த பாஸ்கெட்பால் வீரர் யார்? மேஜிக் ஜான்சன். பிடித்த நடிகர்? எடி மர்ஃபி. எல்லாருமே கறுப்பர்கள்தானே என்று மூக்கி மடக்குகிறான். பீனோ தடுமாறுகிறான். அவர்கள் வேறு, அவர்கள் நிஜத்தில் கறுப்பர்கள் இல்லை, அதற்கும் மேலே என்று ஏதேதோ சொல்கிறான். தப்பெண்ணம் இப்படித்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பிடித்தவரை எல்லாம் விதிவிலக்கு என்று ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டால், பழைய எண்ணம் கீறல் விழாமல் அப்படியே இருக்கும். திரையில் நீங்கள் நேசித்த கறுப்பின நாயகர்களும் இப்படி ஒதுக்கி வைக்கப்பட்டவர்களோ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கோபம் வந்தால் வரட்டும்.

அமெரிக்க உளவியலாளர் பாட்ரிஷியா டிவைன் 1989-ல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு உதவும். ஒரு சமூகத்தில் புழங்கும் தப்பான பிம்பங்கள், அவற்றை ஏற்காதவர் மனதிலும் தானாக எழுகின்றன என்கிறார் அவர். அது பழகிப்போனதால் வருவது. அப்படி எழுந்ததை அடையாளம் கண்டு நிறுத்துகிறோமா என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். உங்களை உறுத்துகிறதே, அது அந்த நிறுத்தும் வேலை தொடங்கிவிட்டதன் அறிகுறி. அதற்காகக் குற்றவுணர்விலேயே குடியிருக்க வேண்டாம். அதில் மறுபடி உங்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பரிதாபப்பட வைக்கும் படங்களைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ (2017) பாருங்கள். அதில் கறுப்பின நாயகனிடம் அவனுடைய வெள்ளைக்காரக் காதலியின் வீட்டார் சிரித்துப் பேசுவார்கள், அவன் உடற்கட்டைப் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சியே நடுங்க வைக்கும். கடைசியில், தப்பித்த கறுப்பின நாயகன் நடுச்சாலையில் நிற்கிறான். போலீஸ் வண்டிபோல் ஒரு விளக்கு சுழல்கிறது. உதவி வந்துவிட்டது என்று நமக்குத் தோன்றாது, வயிறு கலங்கும். யாரைச் சந்தேகிப்பார்கள் என்று அந்நேரம் நம் உடம்புக்கே தெரிந்திருக்கும். உங்கள் பக்கத்தில் நின்றவர் தலையைக் குனிந்தாரே, அதற்குள் என்ன இருந்தது என்று அப்போது கொஞ்சம் புரியலாம்.

அடுத்த தடவை அவர் லிஃப்டில் ஏறினால் மன்னிப்புக் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். உங்களை ஆறுதல்படுத்துகிற வேலையும் அவர் தலையில் விழும். வலிந்து சிரிக்கவும் வேண்டாம். பையைத் தோளில் தொங்க விட்டபடி, மற்றவர்களிடம் கேட்பதுபோல, எந்த மாடி என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி அதுகூட இல்லை.