மாணவி உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், அடுத்து என்ன?

வணக்கம் மேடம். விடுதி மாணவி ஒருத்தி, முந்தாநாள் இரவு வகுப்புத்தோழன் பாலியல் வன்கொடுமை செய்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள், வீட்டுக்குத் தெரியக் கூடாது என்கிறாள், துறைத்தலைவரிடம் (எச்ஓடி) சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவள் சம்மதமில்லாமல் வேண்டாம். 18 வயது நிரம்பாதவள் என்றால் மட்டும் போக்சோ சட்டப்படி போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும்.

இப்போது அவசரம் மருத்துவமனைதான். அவசரக் கருத்தடை மாத்திரை, எச்ஐவி தடுப்பு மருந்து இரண்டையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், பாதிக்கு மேல் போய்விட்டது. கூடவே போங்கள். எஃப்ஐஆர் கேட்டுத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை கிடையாது, சிகிச்சை இலவசம். ஆனால் மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தரும், அதை முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வைக்கட்டும், பிளாஸ்டிக் பை வேண்டாம்.

"அந்த நேரத்தில் ஏன் போனாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதைக் கேட்ட பிறகு எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள்.

பாலியல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத, நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் இருக்கிறது, அவசரப்படுத்த வேண்டாம். புகார் கொடுத்தால், விசாரணை முடியும்வரை அவனை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி அவள் கேட்கலாம், விடுப்பும் கேட்கலாம். அதுவரை வருகைப்பதிவு, இன்டர்னல் தேர்வு இரண்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.