தொண்ணூற்றைந்துக்கு எவ்வளவு தண்ணீர்?

கேள்வி: வெனிலா எக்ஸ்ட்ராக்ட் செய்ய, எவர்கிளியர் என்ற 190 ப்ரூஃப் சாராய பாட்டிலில் வெனிலாக் காய்களைப் போட்டு ஒன்றரை மாதமாகிறது. காய் குச்சி மாதிரி விறைத்துவிட்டது. முகர்ந்தால் சாராய நெடிதான் முதலில் வருகிறது. எங்கே தவறு?
- வாசகி, டல்லஸ்

பதில்: தண்ணீர் சேர்க்காததுதான் தவறு. ப்ரூஃப் என்பது சாராயத்தின் செறிவைக் குறிக்கும் கணக்கு; அமெரிக்க ப்ரூஃபைப் பாதியாக்கினால் சதவீதம். உங்களிடம் இருப்பது 95%. அது காயின் ஈரத்தையெல்லாம் இழுத்து இறுக்கிவிடும். வெனிலாவின் முக்கிய மணப்பொருளான வெனிலின் சாராயத்தில் இறங்கும், சரி. ஆனால் மணத்துக்குத் துணைநிற்கும் பல சத்துகள் இறங்கத் தண்ணீரும் வேண்டும். அமெரிக்க விதிப்படி வெனிலா எக்ஸ்ட்ராக்டில் சாராயம் 35 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். காய் லிட்டருக்குச் சுமார் 100 கிராம்.

பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள், 40 சதவீதத்துக்கு இறக்குங்கள். 100 மி.லி.யை 95ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 237.5. அப்படியானால் 137.5 மி.லி. தண்ணீர் போதும் என்றுதான் பலரும் ஊற்றுகிறார்கள். போதாது. இரண்டும் கலக்கும்போது அளவு சுருங்கும், 144 மி.லி. பிடிக்கும். கலவை சூடாகவும் செய்யும். ஆகவே அளவுக் குடுவையில் சாராயத்தை விட்டு, தண்ணீரை மெல்லச் சேர்த்து, ஆறியபின் 237 கோடு வரை நிரப்புங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்புகள் பிரிந்து அடியில் வெள்ளையாகப் படியும். காய்ச்சி வடித்த நீரே நல்லது.

காய்களை நீளவாக்கில் கீறி, இந்த 237 மி.லி.க்கு 24 கிராம் கணக்கில் போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் இன்னும் மூன்று மாதம் வையுங்கள். இதையெல்லாம் அடுப்பங்கரையில் செய்யவேண்டாம். 95% சாராயத்தின் ஆவி 17 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும்; அந்தச் சுடர் பகல் வெளிச்சத்தில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: எலுமிச்சைத் தோலை 95 சதவீதத்தில் ஊறவைத்தேன், தெளிவாக இருந்தது. சர்க்கரைப் பாகு ஊற்றியதும் பால்போலக் கலங்கிவிட்டது. கெட்டுவிட்டதா?
- வாசகர், சிகாகோ

பதில்: கெடவில்லை. தோலின் எண்ணெய் செறிந்த சாராயத்தில் கரைந்திருந்தது. தண்ணீர் கூடியதும் நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கிறது. கசந்தால் மட்டும் கவலைப்படுங்கள்: தோலோடு வெள்ளைச் சதையும் சீவிவிட்டீர்கள்.

கேள்வி: பெயின்ட் கடையில் பாலிஷுக்கு விற்கும் ஸ்பிரிட்டும் 95 சதவீதம்தானாமே? வெனிலாவுக்கு அது ஆகுமா?
- வாசகி, மதுரை

பதில்: ஆகவே ஆகாது. குடிக்க முடியாதபடி வேண்டுமென்றே நஞ்சு கலந்த ஸ்பிரிட் அது. மெத்தனாலும் இருக்கலாம். அது உடலில் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் வாங்கும். வீட்டில் கொதிக்க வைத்தோ கரியில் வடிகட்டியோ அதை நீக்க முடியாது. நம்மூர் வோட்கா லேபிளில் 75 ப்ரூஃப் என்றிருப்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு. பாதியாக்காதீர்கள், அது 42.8%. வெனிலாவுக்கு அதுவே கச்சிதம். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கவேண்டாம்.